பனியில் வியர்க்காமல் வேலை செய்வது

குளிர்காலத்தில் காட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொன்னார்கள்: நன்றாகப் போர்த்திக்கொண்டு போ. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அதன்படி நடந்தால் காலை பத்து மணிக்கு உள்சட்டை வியர்வையில் ஊறியிருக்கும். பதினொரு மணிக்குப் பற்கள் தந்தியடிக்கும். ஒரு குளிர்காலம் முழுவதும் வெளியில் நின்று வேலை பார்த்தவர்கள் அஞ்சுவது ஈரத்துக்குத்தான். மைனஸ் 10 டிகிரியில் உடல் உலர்ந்திருப்பவர் மாலை வரை தாக்குப்பிடிப்பார். உறைநிலைக்கு ஒரு டிகிரி மேலே, தூறலில் நனைந்தவர் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார். வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமானது. அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வந்ததா, நம் முதுகிலிருந்தே வந்ததா என்று உடம்பு பார்ப்பதில்லை.

நான் சேர்ந்திருந்தது வட அமெரிக்க ஓக் காடுகளில் அந்நியப் புதர்களை வெட்டி அகற்றும் குழு. ஏழெட்டுப் பேர், ஒரு வேன், அதன் பின்னால் கருவிகளோடு ஒரு இழுவைப் பெட்டி, அவ்வளவுதான். இளைஞர்களைத் திரட்டி இப்படிக் காட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கம் அங்கே புதிதல்ல. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் 1942 வரை நடந்தது. ஏறக்குறைய 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை பார்த்தார்கள். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். இன்றைய குழுக்களின் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் மனவருத்தம்தான் மிஞ்சும், விட்டுவிடுகிறேன்.

குளிரில் ஏன் இந்த வேலை, கோடையில் சுகமாகச் செய்யலாமே என்று கேட்கலாம். காரணங்கள் இருக்கின்றன. தரை உறைந்து கெட்டியாக இருக்கும்போது வண்டிச் சக்கரமும் நம் பூட்ஸும் மண்ணை நசுக்குவதில்லை. காப்பாற்ற வேண்டிய நாட்டுச் செடிகள் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பறவைகள் கூடுகட்டும் காலம் முடிந்திருக்கும். கோடையில் மரப்பட்டை இடுக்குகளில் தங்கிக் குட்டி வளர்க்கும் வௌவால்களும் அப்போது மரத்தில் இருக்காது. ஓக் மரத்துக்கு ஒரு பூஞ்சை நோய் உண்டு. வெட்டுக்காயத்தின் சாற்றை மோப்பம் பிடித்து வரும் சிறு வண்டுகள் அதைப் பரப்பும். அதனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் ரம்பமே படக்கூடாது என்பார்கள். இலை இல்லாத காட்டில் மேலே தொங்கும் காய்ந்த கிளை கண்ணுக்குத் தெரியும் என்பதும் சிறிய லாபம் அல்ல. கொசு இல்லை, உண்ணியும் மிகக் குறைவு என்பதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் முதல் எதிரி பக்தார்ன் என்ற முள்புதர். 19ஆம் நூற்றாண்டில் வேலிக்கு நல்லது என்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. மற்ற மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் நவம்பரிலும் இது பச்சையாகவே நிற்கும். அதனால் அடையாளம் காண்பது எளிது. அதன் நிழலில் ஓக் கன்று எழாது. கறுத்த பழங்களைத் தின்னும் பறவைகளுக்கு வயிற்றோட்டம்தான் மிச்சம். விதை மட்டும் ஊரெல்லாம் பரவும். கிளைநுனியில் ஒரு சிறு முள் இருக்கும். கனத்த தோல் கையுறையையும் குத்தி உள்ளே வரும், உள்ளேயே ஒடிந்தும் போகும். பட்டையைக் கத்தியால் கீறினால் அடியில் ஆரஞ்சு நிறம். வெட்டிப் போட்ட கட்டையின் நடுப்பகுதியும் அதே நிறம். வெள்ளைப் பனியில் அந்த ஆரஞ்சுத் துகள் சிதறிக் கிடப்பது பார்க்க அழகாக இருக்கும். முதல் வாரம்தான் அப்படித் தோன்றும். பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே தோள்பட்டை வலிக்கும்.

காலையில் வேலை தொடங்கும் முன் வண்டிக்குப் பின்னால் வட்டமாக நின்று ஒரு கூட்டம் நடக்கும். இன்றைய வானிலை, காற்றின் திசை, எங்கே ஆபத்தான மரம், யாரிடம் முதலுதவிப் பை, அருகிலுள்ள மருத்துவமனைக்கு எந்தச் சாலை. புதியவர்களுக்கு இது சடங்காகத் தெரியும். ஆனால் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் மைனஸ் 10 டிகிரி என்பது திறந்த தோலுக்கு மைனஸ் 20க்குச் சமம் என்பதால், அந்தக் கூட்டத்தில்தான் அன்றைக்கு எந்தச் சரிவில் வேலை என்று முடிவாகும். கூட்டம் முடிந்ததும் எங்கள் குழுத் தலைவி ஒரு கட்டளை போடுவார்: "எல்லோரும் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள்." நின்றுகொண்டிருக்கும்போதே குளிர்கிறது, இதில் கழற்றுவதா என்று முகம் சுளிப்போம். அவர் விடமாட்டார். தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. கிளை இழுக்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும். அப்போது மேலே கனத்த ஜாக்கெட் இருந்தால் சூடு வியர்வையாக மாறும். பிறகு யாராவது சங்கிலி ரம்பத்துக்குப் பெட்ரோல் ஊற்ற நிறுத்துவார்கள், நாமும் நிற்போம், வியர்வை குளிரும், அதோடு அன்றைய பொழுது போயிற்று.

அதனால் வேகத்தையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேரும் துடிப்பான இளைஞர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் மலையைப் புரட்டுவார்கள். பழகியவர்கள் ஒரே சீராக, பேசிக்கொண்டே, மூச்சு வாங்காமல் நடப்பார்கள். மாலையில் குவியலை அளந்தால் யார் அதிகம் செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். நெற்றி ஈரமாகிறது என்று பட்டவுடன் தொப்பியைக் கழற்று, கழுத்தைத் திற, அப்படியும் சூடு தணியாவிட்டால் நடையைக் குறை. நிறுத்தினால் உடனே ஜாக்கெட்டை எடுத்துப் போடு. குளிர் தெரிந்த பிறகு போடலாம் என்று காத்திருக்காதே. ஒரு நாளில் இருபது தடவை கழற்றி மாட்டினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உடையைப் பற்றி ஒரு விதியில் சமரசமே கிடையாது: தோலை ஒட்டிப் பருத்தி கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம். அங்கே அது நீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். செயற்கை இழை சீக்கிரம் காயும். இரண்டில் எது என்று குழுவுக்குள் ஓயாத சண்டை. நான் கம்பளிக் கட்சி. நெருப்புப் பொறி பட்டால் கம்பளி கருகுவதோடு நிற்கும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும் என்பது என் வாதம். காலுறை விஷயத்தில் பலரும் ஏமாறுவது இரட்டைக் காலுறையில்தான். இரண்டு போட்டுப் பூட்ஸை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். ஒரு கனத்த காலுறை, விரல்களை அசைக்க இடமுள்ள பூட்ஸ், பையில் ஒரு மாற்றுக் காலுறை, இது போதும். கையுறை மட்டும் குறைந்தது மூன்று சோடி வேண்டும். ஒன்று கையில், ஒன்று பையில், நனைந்தது ஜாக்கெட்டுக்குள் வயிற்றை ஒட்டி. வயிற்றுச் சூட்டில் ஒரு கையுறை எவ்வளவு நன்றாகக் காயும் என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

ரம்பம் பிடிப்பவர் ஒருவர், வெட்டியதை இழுப்பவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக வேலை. காதுக்கவசம் போட்டிருப்பதால் பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். ரம்பம் ஓடும்போது பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடக்கூடாது. எதிரில் தெரியும்படி தள்ளி நின்று, அவர் நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். ரம்பம் பிடிப்பவர் தொடைக் கவசம் இல்லாமல் இயந்திரத்தை முடுக்கவே கூடாது. சங்கிலி பட்டால் அதிலுள்ள இழைகள் பிரிந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்திவிடும்.

குளிரில் இயந்திரத்துக்கும் தனி மனநிலை. சங்கிலிக்குப் போகும் எண்ணெய் தேனாகக் கெட்டிப்படும். குளிர்காலத்துக்கான மெல்லிய எண்ணெய் ஊற்றாவிட்டால் சங்கிலி வறண்டு சூடேறும். சில ரம்பங்களில் ஒரு சிறு மூடி உண்டு. அதைத் திருப்பி வைத்தால் சிலிண்டரின் வெப்பக் காற்று கார்புரேட்டர் பக்கம் போகும், பனி அடைக்காது. மதியம் வெப்பநிலை உறைநிலையைத் தாண்டினால் மறக்காமல் பழையபடி வைக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் கொதித்துவிடும். உறைந்த மரம் கல் மாதிரி. சங்கிலியின் முனை சீக்கிரம் மழுங்கும், ஆப்பு அடித்தால் வழுக்கி வெளியே வரும், சாயும் மரம் எதிர்பார்த்ததற்கு முன்பே ஒடியும். கோடையில் கற்ற கணக்கை அப்படியே நம்பக்கூடாது.

இதில் எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது பெட்ரோலை. தண்ணீர் பூஜ்யத்தில் உறைந்து அடங்கிவிடும். பெட்ரோல் மைனஸ் 40இலும் உறையாது. இரவெல்லாம் வெளியில் மைனஸ் 20இல் இருந்த கேனைச் சாய்த்துக் கையில் கொட்டிக்கொண்டால், மைனஸ் 20 டிகிரித் திரவம் தோலில் படுகிறது. அதோடு உடனே ஆவியாகி மிச்சச் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கண் இமைக்கும் நேரத்தில் விரல் வெளுத்துவிடும். எரிபொருள் நிரப்பும்போது ரப்பர் கையுறை கட்டாயம். பெட்ரோல் பட்ட துணிக் கையுறையை அந்த நிமிடமே கழற்றி எறிய வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்குக் கட்டை விரல் நுனியில் கொப்புளம் வந்து வாரக்கணக்கில் ஆறவில்லை. சில துளிகள்தான் சிந்தின.

புதரை அடியோடு ஒட்டி, தரைமட்டமாக, தட்டையாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் அது ஈட்டி. அடுத்த பனி விழுந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஈட்டி. தடுக்கி விழுபவர் அதன் மேல்தான் விழுவார். வெட்டியதோடும் முடியாது, பக்தார்ன் அடிக்கட்டையிலிருந்து பத்துத் தளிர் விடும். ஆகவே கட்டைக்குக் களைக்கொல்லி தடவ வேண்டும். தண்ணீரில் கலக்கும் மருந்து உறைந்துவிடும் என்பதால் கடுங்குளிரில் எண்ணெயில் கலந்த ட்ரைக்ளோபைர் என்ற மருந்துதான். தடவியதும் தடவாததும் தெரிய வேண்டுமே, அதற்காக நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். கட்டையின் மேலும் சுற்றிலும் உள்ள பனியையும் மரத்தூளையும் கையால் துடைத்துவிட்டு, விளிம்பும் பட்டையும் நனையும்படி தடவ வேண்டும். பனிமேல் ஊற்றினால் மருந்து உருகும் நீரோடு போய்விடும். குனிந்து துடை, தடவு, இரண்டு அடி நகர், மறுபடி குனி. குழுவிலேயே உடம்பு சூடேறாத வேலை இது ஒன்றுதான். ஆகவே மருந்து தடவுபவர் மட்டும் கூடுதலாக ஒரு உடுப்போடு இருக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வேறொருவருக்குக் கைமாற்ற வேண்டும். அதைக் கடைசியில் சேர்ந்தவரிடம் நாள் முழுக்கத் தள்ளிவிடும் குழுவும் உண்டு. அது கேவலமான வழக்கம்.

வெட்டிய கிளைகளைக் குவித்து எரிப்போம். தரையில் பனி மூடியிருக்கும்போது, அனுமதி பெற்று, ஓக் கிளைகள் மேலே இல்லாத இடமாகப் பார்த்து. முன்பே குவித்து வைத்த குவியலென்றால் முயலோ எலியோ உள்ளே குடியேறியிருக்கும். பிரித்துப் பக்கத்தில் புதிதாக அடுக்கித்தான் கொளுத்த வேண்டும். அடிமுனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி நெருக்கி அடுக்கினால் சுத்தமாக எரியும். தாறுமாறாக வீசினால் நடுவில் எரிந்து சுற்றிலும் வளையமாக மிஞ்சும். நெருப்புக்குக் கீழே மண் வெந்து விதையெல்லாம் செத்துவிடுவதால், பத்து இடத்தில் எரிப்பதைவிட ஒரே இடத்தில் தொடர்ந்து எரிப்பது நல்லது. நெருப்பைப் பார்ப்பவர் அன்றைக்கு அதிர்ஷ்டசாலி என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நெருப்புதான் ஈரத்தின் கள்ளக் கூட்டாளி. தோளிலும் தொப்பியிலும் படிந்த உலர்ந்த பனி அதுவரை நம்மை ஒன்றும் செய்திருக்காது. நெருப்பருகில் போய் நின்றால் உருகி உள்ளே இறங்கும். முதலில் உடம்பைத் தட்டிவிட்டுப் பிறகுதான் கிட்டே போக வேண்டும். சூடு போட்ட வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதும் அப்படித்தான். பிற்பகலில் யார் நடுங்குகிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் வேனில் சாப்பிட்டவராக இருப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் பனியில் நிற்கக்கூடாது. நாலைந்து கிளைகளைக் கீழே போட்டு அதன் மேல் நின்றால் பாதம் வழியாகச் சூடு இறங்காது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வைக்க வேண்டும். பனிக்கட்டி மேலே மிதந்துதான் உறையும், தலைகீழாக இருந்தால் மூடி அடைக்காது. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் நீர் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது, குளிர் சிறுநீரையும் அதிகமாக்கும். பெண்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு: இத்தனை அடுக்கு உடையைப் புதர் மறைவில் அவிழ்த்துக் கட்ட வேண்டுமே என்று எண்ணித் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவோம். நானும் என் தோழியும் இதைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசினோம். அதற்குப் பிறகு இழுவைப் பெட்டிக்குள் ஒரு திரை கட்டினார்கள். அந்த ஒரு திரையால் இருவரின் தலைவலியும் நின்றது. கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது ஒரு வேலை என்றே சொல்லித் தருவார்கள். மூக்கு நுனி, கன்னம், காது மடலில் மெழுகு போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது குளிரில் தோல் உறைந்துபோகும் உறைகடியின் தொடக்கம். அவருக்கே அது தெரியாது, மரத்துப்போயிருக்கும். வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடேற்ற வேண்டும். தேய்க்கக்கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது வேறு அறிகுறிகள் வரும். நாக்கு குழறும், கை தடுமாறும், கால் இடறும், எரிச்சல் காட்டுவார், "எனக்கொன்றுமில்லை" என்பார். அந்தப் பதிலை நம்பவே கூடாது. நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உடனே சூட்டுக்கும் மருத்துவத்துக்கும் கொண்டுபோக வேண்டிய நேரம் அது. நாங்கள் வைத்திருந்த எளிய சோதனை: கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடு. தொட முடியாவிட்டால் அந்தக் கை ரம்பத்தைப் பிடிக்கக் கூடாது. கேள்விக்கே இடமில்லை.

டிசம்பரில் 45 பாகை வடக்கு அட்சரேகையில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. நாலு மணிக்குள் கருவிகளை எண்ணி அடுக்கிவிடுவோம். ஆனால் வேலை அத்தோடு முடியாது. தங்குமிடத்துக்கு வந்து பூட்ஸின் உள்ளுறையை உருவித் தனியே காயவைக்க வேண்டும், கையுறைகளை விரல் மேலே பார்க்கும்படி மாட்ட வேண்டும், சங்கிலியை அரம் போட்டுத் தீட்ட வேண்டும். இதைக் காட்டிலேயே மதியம் வெறுங்கையால் செய்ய முயன்றால் அரத்தின் இரும்பு விரலின் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அசதியில் பூட்ஸை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினால் மறுநாள் காலை விறைத்த பூட்ஸுக்குள்தான் கால் நுழைய வேண்டும்.

இப்படிப்பட்ட குழுவில் சேர நினைப்பவர்கள் சம்பளம், விடுமுறை எல்லாம் விசாரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தங்குமிடத்தில் எல்லோருடைய பூட்ஸும் கையுறையும் ஒரே இரவில் காயும் அளவுக்கு உலர்த்தும் இடம் இருக்கிறதா? உறைநிலையை ஒட்டித் தூறல் பிடித்துக்கொண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் களத்தில் நிற்பவருக்கு இருக்கிறதா, அல்லது அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டுமா? நேரான பதில் சொல்பவர்களிடம் தைரியமாகப் போகலாம். "எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள்" என்று பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.